வளையத்துக்குள் ஒரு நூல்

உட்கார நாற்காலி கொடுத்தீர்களே, அதற்கே நன்றி ஐயா. நின்றுகொண்டு பேச எனக்கு வராது. வகுப்பெடுக்கும்போதுகூட மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவேன். நான் கொஞ்சம் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. பாக்டீரியாவுக்கும் வைரஸ் தொல்லை உண்டு. தன்னைத் தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.விலிருந்து ஒரு துண்டை நறுக்கி அது சேர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை வந்தால் ஆளை அடையாளம் தெரியும். இதைத்தான் கிரிஸ்பர் என்கிறார்கள். அந்தச் சேமிப்பு வேலைக்குக் கூடமாட ஒத்தாசை செய்யும் புரதம் ஒன்று இருக்கிறது. நான்கு ஒன்றாகச் சேர்ந்து வளையமாக நிற்கும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு வளையல் என்றே பெயர். வளையலின் ஓட்டைக்குள் டி.என்.ஏ. நூல்மாதிரி கோத்துக்கொண்டு போகும் என்று எல்லோரும் சொன்னார்கள், யாரும் பார்த்ததில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் பார்த்தேன்.

அதாவது, பார்த்ததாகக் கட்டுரை எழுதினேன். புரதத்தைப் படிகமாக வளர்த்து எக்ஸ்ரே அடித்தால், அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று மங்கலாக ஒரு படம் கிடைக்கும். ஓட்டைக்குள் நீளமாக ஏதோ தெரிந்தது. டி.என்.ஏ. என்று போட்டுவிட்டேன். வேலை நிரந்தரமாயிற்று. படத்தைச் சட்டம் போட்டு ஆய்வக வாசலில் மாட்டினார்கள். என் மகள் பள்ளித் தோழிகளைக் கூட்டிவந்து, "எங்கப்பா கண்டுபிடிச்சது" என்று காட்டினாள்.

நோண்டி எங்களோடு சேர்ந்தது போன வருஷம். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே நான்தான். எதையும் நோண்டாமல் விடமாட்டாள். என்னை அண்ணா என்பாள். நானும் கூடப்பிறந்தவளைப் போலத்தான் நடத்தினேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க. டி.என்.ஏ. போடாமலே வளையலை வளத்துப் பாத்தேன். அதுலயும் ஓட்டைக்குள்ள அதே நூல் இருக்கு."

"அது எப்படி இருக்கும்?"

"அது டி.என்.ஏ. இல்லண்ணா, பெக்குங்கிற ரசாயனம். படிகம் வளக்க ஊத்துறோமே, அந்தக் கொழகொழ. அதுவும் நீள நூல்தானே, உள்ள போய் உக்காந்துக்குது."

வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்? இன்னொரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம். உறுதியாச்சுன்னா ரெண்டு பேருமா சார்கிட்ட போலாம்." சார் என்றது எங்கள் பேராசிரியரை.

அவள் சொன்னது எனக்குப் புதிதில்லை ஐயா. கட்டுரை வெளியான அடுத்த மாதமே நானும் டி.என்.ஏ. இல்லாமல் ஒரு படிகம் வளர்த்துப் பார்த்திருந்தேன். அதே நூல் இருந்தது. படிகத் தட்டைக் குப்பையில் போட்டு, கை கழுவிவிட்டு, வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன். வெளியூரிலிருந்து யாராவது கடிதம் எழுதினால் சாப்பாடு இறங்காது. எட்டு வருஷம் பயத்தோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும்.

நோண்டியின் படிகங்கள் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைந்து கிடந்தன. வியாழக்கிழமை அவற்றை ஒரு பெரிய குடுவைக்கு மாற்றி எக்ஸ்ரே மையத்துக்கு அனுப்ப வேண்டும். தொட்டி இருக்கும் அறை சின்னது, ஜன்னல் கிடையாது. நைட்ரஜன் ஆவியாகி நிறைந்துவிட்டால் மூச்சுக்குக் காற்று இருக்காது. உள்ளே இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. அதனால் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் வழக்கம். காவல் நிற்பது என்போம்.

"அண்ணா, பத்து நிமிஷம் காவல் நிக்கிறீங்களா? எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க."

அவள் கேட்டாள், நான் நின்றேன்.

காற்றை வெளியேற்றும் விசிறிக்குப் பொத்தான் வெளியே இருக்கிறது. அதை அணைத்தேன். கை தானாகப் போயிற்று. காற்று கெட்டால் கத்துகிற அலாரம் அன்று கத்தவில்லை என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் காலையிலேயே கழற்றி என் இழுப்பறையில் வைத்திருந்தேன். திட்டமிட்டான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பயந்தவன் எதிலும் முன்கூட்டியே தயாராக இருப்பான், அவ்வளவுதான்.

வெள்ளைப் புகை அவள் முழங்கால்வரை வந்தது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, எல்லாம் சரி என்று கட்டைவிரலை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். பிறகு தொட்டியில் சாய்ந்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் துப்புரவு அக்கா வாளியோடு வந்தாள். கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டேன்.

"என்ன தம்பி இங்க நிக்கிறீங்க? உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லக்கா. தரை ஈரமா இருக்கேன்னு நின்னேன்."

"இந்தப் பக்கம் நான் இன்னும் துடைக்கவே இல்லையே." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துது. போய்த் தண்ணி குடிங்க தம்பி."

அவள் மூலை திரும்புகிறவரை நான் மூச்சு விடவில்லை. என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. நோண்டிக்கு அந்தப் பயமெல்லாம் இருந்திருக்காது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருந்திருக்கும். அது எனக்கு இன்றுவரைக்கும் ஓர் ஆறுதல்.

கால் மணி நேரம் கழித்து விசிறியைப் போட்டேன். அதன் பிறகுதான் கூச்சல் போட்டேன். அந்தக் கூச்சலில் நடிப்பு கிடையாது.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் அவள் மேசைக்குப் போனேன். எக்ஸ்ரே படங்களை அழிக்க வேண்டுமே. கணினித் திரையில் பேராசிரியருக்கு எழுதிய கடிதம் ஒன்று பாதியில் நின்றது. 'சார், வளையல் வடிவத்தில் உள்ள தவறை முதலில் கண்டுபிடித்தது அண்ணாதான். அவராகவே என்னிடம் சொல்லி, மறுபடி சோதிக்கச் சொன்னார். திருத்தம் அவர் பெயரில்தான் வெளிவர வேண்டும். நான் கூட இருந்து உதவி மட்டும் செய்தேன்.'

அவளுக்குத் தெரிந்தவரை அத்தனையும் பொய். அன்று காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எனக்காக எழுதிய பொய்.

இரண்டு தடவை படித்தேன். நல்லவேளை, இன்னும் அனுப்பவில்லை என்றுதான் தோன்றியது. அதையும் அழித்துவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து அழப் போனேன்.