பூட்டுக்குள் போட்ட மண்

இந்தக் காலத்து ஆட்கள் வாசற் படலையைத் திறக்காமலே பேசப் பழகிவிட்டார்கள். வெளியில் நின்று கூப்பிட்டால் முதலில் நாய் குரைக்கும். பிறகு யன்னல் ஒரு கீற்றுத் திறக்கும். "ஆரது?" என்பார்கள். பெயரைச் சொன்னால், "என்ன அலுவல்?" என்பதுதான் அடுத்த கேள்வி. அலுவல் இல்லாமல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் போகக்கூடாது என்று எப்போது சட்டம் வந்ததோ எனக்குத் தெரியாது. என் பெயர் ஆழ்வாப்பிள்ளை, இரண்டாம் வகுப்போடு நின்றவன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முன்பு கொக்குவிலில் வளவுக்கு வளவு தென்னோலைக் கிடுகு வேலிதான். ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு அதில் ஓர் இடைவெளி விட்டிருப்போம். பொட்டு என்று சொல்வது. நெருப்பு வாங்க, உப்பு வாங்க, காய்ச்சல்காரனைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. என் வளவுக்கு நான்கு பக்கமும் பொட்டு இருந்தது. பிறகு பட்டணம் நிரம்பி இந்தப் பக்கம் வழிந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர்கள் தோட்டக் காணிகளை வாங்கி வீடு கட்டினார்கள். எனக்குக் கிழக்கே கதிரவேலர் வந்தார். அங்கே கிளாக்கராக இருந்தவர். வந்த மாதமே வேலியைப் பிடுங்கி ஆறடி மதில் எழுப்பி, அதன்மேல் உடைந்த போத்தில் ஓடு பதித்தார். வடக்கிலும் தெற்கிலும் அவரைப் பார்த்து மதில் கட்டினார்கள். மேற்கே, என் புகையிலைத் தோட்டத்துப் பின்வேலியில், ஒரு பொட்டு மட்டும் மிஞ்சியது. அதற்கு அப்பால் பனைமரங்கள் அடர்ந்த பனங்கூடல். அந்த வழியால் எவரும் வருவதில்லை.

மனைவி செத்து ஒன்பது வருஷம். மகன் மலாயாவில், ஈப்போவில். அவனுடைய கடைசிக் கடிதம் வந்தபோது கதிரவேலர் மதில் கட்டத் தொடங்கியிருக்கவில்லை.

தாஹிர் பட்டணத்துச் சோனகத் தெருக்காரன். மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து பூட்டுத் திருத்துவான், புதுப் பூட்டும் விற்பான். நாற்பது வயதிருக்கும். என்னை "அப்பு" என்று கூப்பிடுவான். நான் என்னுடைய பெட்டியின் ஆமைப்பூட்டைக் கழற்றிக் கொடுப்பேன். மாமரத்தடியில் இருந்து வேலை செய்வான். அவனுக்கென்று ஒரு பேணி வைத்திருந்தேன். அதில் தண்ணீர் கொடுப்பேன்.

"அப்பு, உந்தப் பெட்டிக்குள்ளை என்ன கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டான்.

"ரெண்டு வேட்டி."

"ரெண்டு வேட்டிக்கு இவ்வளவு பெரிய பூட்டோ? ரெண்டும் கூடிக் கதைச்சு ஓடிப்போடும் எண்டு பயமோ?"

ஒரு மாதம் பூட்டில் பழுது இல்லை. எண்ணெய் விட்டுத் தந்துவிட்டு அவன் உடனே போய்விட்டான். அடுத்த மாதம் நானே பூட்டுக்குள் மண் போட்டு வைத்தேன். அதைத் தட்டி எடுக்க அரை நாள் பிடித்தது. பிறகு எல்லா மாதமும் போட்டேன்.

"இந்த மண் எப்பிடி அப்பு உள்ளை போகுது?"

"எறும்பு கொண்டுபோகுது."

"நல்ல கெட்டிக்கார எறும்பு," என்றான்.

மாதம் ஒருமுறை எனக்குப் போதவில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் பூட்டு இருந்தால் அவன் கிழமைக்கு ஒருமுறை வருவானே என்று யோசித்தேன். பூட்டு வாங்க ஆட்களுக்குப் பயம் வேண்டும். நல்லூர்த் தேரன்று பகல் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. சின்னாச்சி வீட்டு அடுப்படிக் குசினிக்குள் போய் ஒரு மூக்குப்பேணியை எடுத்தேன். தனியாகச் சீவிக்கும் மனுஷி, கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போயிருந்தாள். பிறகு வேறொரு வீட்டில் ஒரு குத்துவிளக்கு. பிறகு கதிரவேலர் விறாந்தையில் தொங்கிய குடை. அவ்வளவு பெரிய மதில் கட்டியவர் கேற்றைச் சாத்தவில்லை. இவற்றில் ஒன்றும் எனக்குத் தேவையில்லை. தனக்கென்று எடுத்தால்தான் களவு. நான் எடுத்து வைத்தேன். பின்வேலியோரம் ஒரு பாழ்ங்கிணறு இருக்கிறது. என் தகப்பன் வெட்டத் தொடங்கி, பாறை வந்ததால் விட்டது. இரண்டாள் ஆழம், தண்ணீர் இல்லை, மேலே பலகை மூடியிருக்கும். எல்லாவற்றையும் அதற்குள் போட்டேன்.

நான் நினைத்தபடியே நடந்தது. ஊர் முழுக்கப் பூட்டு வாங்கியது. தாஹிர் கிழமைக்கு ஒருமுறை வந்தான், சில கிழமை இரண்டு தரமும் வந்தான். எந்த வீட்டில் வேலை இருந்தாலும் மத்தியானத்துக்கு என் மாமரத்தடிக்கு வந்துவிடுவான். அந்த நான்கு மாதத்தில் என் சமையல் கூட ருசியாக இருந்தது.

ஆனால் பயத்தை ஓர் அளவோடு நிறுத்த எனக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரவேலர் தன் விறாந்தையில் ஊரைக் கூட்டிக் காவற் சங்கம் ஒன்று தொடங்கினார்.

"பூட்டு வித்தவனிட்டைக் கள்ளத் திறப்பும் இருக்கும்தானே," என்றார்.

"அவன்ரை பூட்டு வாங்க முந்தியெல்லோ என்ரை பேணி போனது?" என்று சின்னாச்சி கேட்டாள்.

"அது அவன் நோட்டம் பாத்த காலம், ஆச்சி. பேணியோடை உங்கடை மூளையும் போட்டுது போலை."

எல்லாரும் சிரித்தார்கள். சின்னாச்சி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். கதிரவேலர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, உங்கடை வளவுக்குள்ளைதானே உவன் அரை நாள் குந்தியிருக்கிறவன். நீங்கள் சொல்லுங்கோ."

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷம். "அவன் எல்லா வீட்டுக் கதவையும் வடிவாய்ப் பாக்கிறவன்," என்றேன். அது பொய் இல்லை. பூட்டுக்காரன் கதவைத்தான் பார்ப்பான். அதன்பிறகு எனக்கு இருக்க ஒரு கதிரை கொடுத்தார்கள்.

அன்று இரண்டு தீர்மானம் எடுத்தார்கள். தாஹிரை ஒழுங்கைக்குள் விடக்கூடாது, முகப்பில் ஆட்கள் நிற்கவேண்டும். மற்றது, கள்ளர் அடிபட்டவன் மாதிரிக் கத்தி ஆட்களை வெளியே எடுப்பார்களாம். மலாயாவில் அப்படி நடந்ததாகக் கதிரவேலர் சொன்னார். அதனால் ஐயோ என்று சத்தம் கேட்டால் எவரும் வெளியே வராமல் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

நான் றெயில் நிலையத்தடியில் காத்திருந்து தாஹிரைக் கண்டேன். அவனுக்குச் செய்தி எட்டியிருந்தது.

"இனி இந்த ஊரிலை எனக்குத் தொழில் இல்லை, அப்பு. போன முறை திருத்தக் கொண்டுபோன உங்கடை பூட்டு என்னட்டைக் கிடக்கு. அதைக் கொண்டுவந்து தாறன்."

"முன்னாலை வராதை. செவ்வாய் மத்தியானம் பனங்கூடலாலை வந்து பின்வேலிப் பொட்டாலை வா," என்றேன்.

செவ்வாய்க் காலை பாழ்ங்கிணற்றுப் பலகைகளை எடுத்துவிட்டுக் கிடுகு பரப்பினேன். மேலே சருகு போட்டேன். பொட்டால் குனிந்து வருகிறவனுக்கு இரண்டாவது எட்டு அதில்தான் விழும். பிறகு ஊர் அதிகாரி விதானையார் விசாரித்தபோது, கள்ளனுக்கு வைத்தது என்றுதான் முதலில் சொன்னேன். அந்த வழியால் வர இருந்தவன் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியும்.

மத்தியானம் சைக்கிள் மணி கேட்டது. பிறகு கிடுகு முறிகிற சத்தம். சைக்கிளைப் புகையிலைக் குடிலுக்குள் உருட்டி வைத்துவிட்டு, கிணற்று விளிம்பில் போய் இருந்தேன்.

"அப்பு, கால் முறிஞ்சு போச்சு," என்றான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "அப்பு, இஞ்சை கதிரவேலற்றை குடை கிடக்கு," என்றான்.

அவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்ற பயத்தில்தான் நான் ஏணியை இறக்கவில்லை என்று விதானையார் எழுதியிருக்கிறார். அது பிழை. திருத்திவிடுங்கள். எனக்கு அப்படி ஒரு பயமும் இருக்கவில்லை. அவன் போய்விடுவான் என்பதுதான் என் கவலை.

நான் அவனைப் பட்டினி போடவில்லை. அவனுடைய பேணியிலேயே தண்ணீரும் கஞ்சியும் கயிறு கட்டி இறக்கினேன். நிழலுக்கு மேலே ஓலை போட்டேன். பகல் முழுவதும் பக்கத்தில் இருந்தேன். அவன் "அப்பு, அப்பு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என்னை ஒருவன் ஒரே நாளில் அவ்வளவு தரம் கூப்பிட்டது அதுதான் முதல். என் கலியாணத்தைப் பற்றிச் சொன்னேன். மகன் கப்பலேறிய நாளைப் பற்றிச் சொன்னேன். முன்பெல்லாம் அவன் வேலை முடிந்ததும் எழும்பிவிடுவான், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். இப்போது எல்லாவற்றையும் முடிவு வரை சொன்னேன்.

அவன் சத்தம் போட்டுக் கத்தியதும் உண்டு. கிழக்கில் கதிரவேலர் வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்துவது கேட்டது. தெற்கு வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என் முன்படலையில் ஒருவன் நின்றான். தாஹிரின் தம்பி மக்பூல். பட்டணத்தில் தையல்காரன். அன்று கிணற்றிலிருந்து முனகல்தான், முன்படலைக்கு அது கேட்காது.

"எங்கடை தாஹிர் நானா செவ்வாய்க்கிழமை போனவர், இன்னும் வரேல்லை. இஞ்சை வந்தவரோ?"

"வரேல்லை, தம்பி. உள்ளை வந்து இருமன்."

"இருக்க நேரமில்லை ஐயா." போகத் திரும்பியவன் நின்றான். "உங்களைப் பற்றி வீட்டிலை நெடுகக் கதைப்பார். பூட்டுக்குள்ளை தானே மண் போட்டு வைக்கிற அப்பு எண்டு சொல்லிச் சிரிப்பார். தொழில் போனாலும் வெள்ளிக்கிழமையிலை தொழுகை முடியச் சும்மா போய் அந்த மனிசனோடை இருந்திட்டு வாறன் எண்டவர். இண்டைக்கு வெள்ளி. அதுதான் இஞ்சை ஓடி வந்தனான்."

அவன் போன பிறகு கிணற்றடிக்குப் போனேன். தாஹிர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். உன் தம்பி வந்து போனான் என்றேன். அவன் அழுதான். அது அடங்கியதும் கேட்டேன்.

"மண் போட்டது நானெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அப்பு."

"வெள்ளிக்கிழமையிலை சும்மா வாறனெண்டு வீட்டிலை சொன்னனியோ?"

"ஓம் அப்பு. பூட்டு இல்லாட்டிலும் வருவன். ஏணியை விடுங்கோ. கட்டாயம் வருவன்."

நான் நன்றாக யோசித்தேன். கிணற்றுக்குள் கிடக்கிறவன் எதையும் சொல்வான். மேலே நின்று சொன்னால்தான் அது சொல். மேலே விட்டால் போய்விடுவான், போனவன் வருவானா என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்கலாம். ஏணி மாமரத்தில் சாத்தி இருந்தது. இருபது முப்பது எட்டுத் தூரந்தான். மாமரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இருந்தேன்.

ஞாயிறு காலை இறக்கிய பேணி, கஞ்சி குறையாமல் மேலே வந்தது. பலகைகளை மூடினேன்.

அதன்பிறகு இரண்டு கிழமை என் படலைக்கு ஒருவரும் வரவில்லை. தாஹிர் களவுச் சாமான்களோடு வள்ளம் ஏறிவிட்டான் என்று ஊர் பேசியது. காவற் சங்கத்தால் ஊர் திருந்தியது என்று கதிரவேலர் சந்தோஷப்பட்டார். பூட்டும் இல்லை, மண் போட்டும் பயனில்லை. மூன்றாவது திங்கள் விதானையார் வீட்டுக்குப் போனேன். யன்னல் கீற்றால் பார்த்து, "என்ன அலுவல்?" என்று கேட்டார். எனக்கு அலுவல் இருந்தது. சொன்னேன். கதவைத் திறந்து கதிரை போட்டார்.

நேற்று என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். ஊர் முழுவதும் என் வளவுக்குள் நின்றது. என் ஏணியைத்தான் இறக்கினார்கள். கதிரவேலர் என் முகத்தைப் பார்க்காமல், "சத்தம் கேட்டது, நான் யன்னலைச் சாத்தினன்," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சின்னாச்சி தன் மூக்குப்பேணியை வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். தாஹிரின் மடியில் என்னுடைய ஆமைப்பூட்டு இருந்தது. மண் எடுத்து, எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தான். மக்பூல் அதைக் கையில் வைத்தபடி நிலத்தில் குந்தியிருந்தான்.

விதானையார் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஏணியை விட்டிருந்தால் அவன் வெள்ளிக்கு வெள்ளி வந்திருப்பான், ஆழ்வாப்பிள்ளை. நீர் உம்மடை கையாலை எல்லோ கெடுத்தனீர்."

எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். படித்த மனிதர்கள். சொல்லட்டும். வாறன் என்று சொல்லித்தான் என் மகனும் கப்பல் ஏறினான். நான் கிணற்றுக்கு முதுகைக் காட்டி நடந்தேன். கான்ஸ்டபிள் பின்னால் வந்தார். படலை திறந்தே கிடந்தது. அவன் வந்திருப்பான் என்பதை நான் இன்னும் நம்பவில்லை.