கடலில் பரம்பு அடித்தவர்

மயிலாடுதுறையில் கும்பகோணம் பஸ் ஏறியதும் முன்சீட்டில் இருந்து வந்தது அந்தப் பேச்சு.

"கடல்ல போயி பரம்பு அடிச்சவ நீ ஒருத்திதான்."

சொன்னவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் மனைவி. மகன் சனி, ஞாயிறுக்குக் குடும்பத்தையே கோவளம் கூட்டிப்போயிருக்கிறான். அங்கே அலைமேல் சறுக்கப் பலகை தருகிறார்கள். இந்த அம்மா ஏறி நின்றே விட்டாராம். கணவர் கரையில் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்திருக்கிறார்.

"சின்னப் புள்ளைல நடவுக்கு முன்னாடி வயலச் சமப்படுத்தறப்ப, பாரத்துக்குன்னு அப்பா என்னையத்தாங்க பரம்புப் பலகைல ஏத்தி நிக்க வைப்பாரு. அங்க மாடு இழுத்துச்சு, இங்க அலை இழுக்குது."

"மருமக வீடியோவ எல்லாருக்கும் அனுப்பிட்டா. ஊரே சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டுமே. நீங்க ஏன் நேத்துலேர்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மொதல்ல விழுந்தப்ப உன் தலையே தெரியல. எனக்கு நீச்சல் தெரியாதுடி."

"ஆத்துல தண்ணி வந்தா தெனம் அங்கதானே குளிக்கிறீங்க?"

"படியில உக்காந்து மொண்டு ஊத்திக்கிறேன். நீ கவனிச்சதில்ல."

அந்த அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்துல தண்ணி வரட்டும். நான் கத்துத் தரேன். புடிச்சுக்கிறேன், விட மாட்டேன்."

அவர் யோசித்தார்.

"சரி. ஆனா மருமகள வீடியோ எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடு."