ஆட்ரியை வெளியே நிறுத்திய திரை

ஆட்ரிக்குக் கணிதம் தெரியாது என்று இந்தப் பள்ளி பொய் சொல்லியிருக்கிறது.

தமிழ்மொழிக் கழக விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளி முதல்வர் ஜெயபாலன் அவர்களே, ஆற்றல்மிகு ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசைப் பெரியோர்களே, செடெனாக் ஃபேக்டரியிலிருந்து வேலை உடுப்போடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதிய மின்திரையைப் புகழத்தான் முன்னாள் மாணவனான என்னை அழைத்தீர்கள். புகழ்கிறேன். பளபளக்கும் திரை, விரல் பட்டால் வட்டம் வரையும் திரை. யார் விரல் படும்? கூடுதல் கணிதம் படிக்கும் முதல் பிரிவுப் பிள்ளைகளின் விரல். அவர்களைத் தேர்ந்தெடுத்தது எது? மாலையில் ஒரு மணி நேரம் திறந்து மூடிய இணையத் தேர்வு.

இதே பள்ளியில் படிக்கும் ஆட்ரியின் வீட்டில் ஒரே கைப்பேசி. அது அவள் அம்மா டோரிஸோடு ஃபேக்டரிக்குப் போய்விடும். தேர்வு மூடியபிறகுதான் ஷிப்ட் முடிந்தது.

மறுநாள் காலை கணித ஆசிரியர் சுகுமாறன் முன் ஆட்ரி நின்றாள்.

"சார், வேற கேள்வி குடுங்க. இங்கயே போட்டுக் காட்டுறேன்."

"சிஸ்டம் பூட்டிடுச்சும்மா. அதுல உனக்கு சைபர். நான் என்ன பண்ண?"

டோரிஸ் அக்கா என்னிடம் கேட்டார்: "அலமாக்! எனக்கு ஷிப்டு இருந்தா எம்புள்ளைக்கு ஏன்லா மார்க்கு இல்ல?"

என்ன அண்ணே, பின்வரிசையில்? "லைப்ரரியில கம்ப்யூட்டர் இருக்குல்ல" என்கிறீர்களா? இருக்கிறது. ஆட்ரி போன்ற தோட்டக் குடியிருப்புப் பிள்ளைகளின் பேருந்து புறப்பட்ட பிறகுதான் தேர்வே திறந்தது. பேருந்தை விட்டவளை நீங்கள் காரில் கொண்டுபோய் விட்டிருப்பீர்களா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

ஆட்ரிக்குப் பொறியியல் படிக்க ஆசை. கூடுதல் கணிதம் இல்லையென்றால் அந்தக் கதவு அடைபடும். அவளைச் சோதித்தீர்களா? இல்லை. அவள் கணக்கைப் பார்த்தீர்களா? இல்லை. அவள் வீட்டில் எத்தனை கைப்பேசி என்று கேட்டீர்களா? அதுவும் இல்லை. தேர்வுக்கு வர முடியாதவளைக் கணிதம் தெரியாதவள் ஆக்கிவிட்டீர்கள். இதற்குத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று பதாகை கட்டியிருக்கிறீர்கள். பதாகை அழகாகத்தான் இருக்கிறது.

முதல்வர் அவர்களே, நாளை காலை ஆட்ரிக்கு ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொடுங்கள். கேள்வியை எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் கேளுங்கள். தேறினால் முதல் பிரிவில் உட்கார வையுங்கள். செய்வீர்களா?

ஒலிவாங்கியை உங்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன். டோரிஸ் அக்கா மூன்றாவது வரிசையில் இருக்கிறார்; அவர் காதில் விழும்படி சொல்லுங்கள்.

தண்ணீர் குடிக்கிறீர்கள். குடியுங்கள்.

அவையோரே, பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம். நான் இறங்கப் போவதில்லை. முதல்வர் அவர்களே, ஒரே சொல் போதும்.

சொல்லுங்கள், ஐயா.