தோள்வலிக்கு வயிற்றைத் திறந்தார்கள்

மல்காஜ்கிரி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கை அம்மாள், தன் மருமகளைப் பற்றித் தோழி கமலாவிடம் சொன்னதைக் கோர்த்தால் இவ்வளவு:

1. ஏழாம் மாத வளைகாப்பன்று மருமகளுக்கு இடது விலாவுக்குக் கீழே வலி. புளிசாதத்தின் மேல் பழி போட்டு ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள்.
2. வலி அடங்கியது. மறுநாள் இடது தோளுக்கு ஏறியது, மயங்கி விழுந்தாள்.
3. மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் பலூன் போல வீங்கி வெடித்திருந்தது; வயிற்றுக்குள் கசிந்த ரத்தம்தான் தோளில் வலியாகத் தெரிந்திருக்கிறது.
4. அறுவை சிகிச்சை செய்து குழந்தையை வெளியே எடுத்தார்கள். குழாயைக் கட்டி, மண்ணீரலையும் எடுத்துவிட்டார்கள்.

“தோள் வலிக்குதுன்னு போனவளுக்கு வயித்தைத் திறந்துட்டாங்க, கமலா!”

“ரொம்ப அழுதீங்களாக்கா?”

“அழ எங்க நேரம்? ரத்தம் ஏத்த நரம்பு தேடினா, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். கை வீங்கி ஒண்ணும் கழலல. உடைக்கணும்னு நர்சம்மா நிக்கறா. ‘நக்கோ, வேண்டாம், பிரசவம் வரைக்கும் உடையக் கூடாது’ன்னு சம்பந்தியம்மா குறுக்கே விழறாங்க.”

“நீங்களும் சேர்ந்து விழுந்திருப்பீங்க. என் பொண்ணுக்கு ஒரு வளையல் விரிசல் விட்டதுக்கே என்னா பேச்சு பேசினீங்க!”

“பேசினேன். ஆனா ஆஸ்பத்திரியில துண்டைச் சுத்தி அத்தனையும் உடைச்சது நான்தான்.”

கமலா, “எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா உங்க வீட்டுல காப்பி குடிக்க மாட்டாங்க” என்றார்.

“பால் மிச்சம்.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். இறங்குமுன் அம்மாள் சொன்னபடி, மருமகள் இப்போது கஞ்சி குடிக்கிறாள். பெண் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பிழைக்கும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. பிழைக்காது என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.