கழுவாத வடிகட்டியும் திரு. பழனிவேல் அவர்களும்

கடலூர்க் கடற்காற்றின் உப்பையும் கத்திரி வெயிலின் உக்கிரத்தையும் முப்பத்தொரு ஆண்டுகள் முறுக்காணியும் முகமலர்ச்சியும் கொண்டு முறியடித்த முதல்வரே! குளிரூட்டும் கலையைக் குறைவறக் கற்ற கோமானே! பணிமனையின் பெருமையே, பழனிவேல் அவர்களே! வணக்கம்.

இதற்கு மேல் முகத்துக்கு நேரே புகழ்ந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே இந்தப் பிரிவுபசார அவையில் அவர் ஊரில் இல்லை என்று பாவித்து, அவரைப் பற்றி நமக்குள் பேசிக்கொள்கிறோம்.

துறைமுகத்து ஐஸ் ஆலையில் தொடங்கிய அவர் பணி, வசதியுள்ள வீடுகளின் சன்னல்களில் ஏர்கண்டிஷன் பெட்டிகள் ஏறி உட்கார்ந்த காலம் வரை நீண்டது. போகும் வீட்டிலெல்லாம் ஒரே பாடம்தான். வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கொரு முறை சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். பெட்டி வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்க வேண்டும். அணைத்த இயந்திரத்தை மூன்று நிமிடம் பொறுத்துத்தான் மீண்டும் போட வேண்டும். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துப்போயிற்று.

அந்தப் பாடத்தை அவர் சொல்லாமல் விட்ட வீடு ஒன்று உண்டு.

1964 மே மாதம். சிதம்பரத்தில், பினாங்கிலிருந்து திரும்பிய வணிகர் அப்துல் ஹக் வீட்டில் இயந்திரம் ஓடியும் அறை குளிரவில்லை என்று அழைப்பு வந்தது. அவர் மகள் ரசியா பிள்ளை பெற்று அந்த அறையில்தான் படுத்திருந்தார். பழனிவேல் அவர்களும் சக மெக்கானிக் ஒருவரும் போனபோது, பத்தாண்டாக அங்கே வேலை செய்த சைதுன் பீவி வாசலில் மூட்டையோடு நின்றிருந்தார்.

"கதவ தொறந்து போட்டே மிசின கெடுத்துட்டா. அவ ஊரு திட்டக்குடிக்கே திரும்பப் போவட்டும்" என்றார் அப்துல் ஹக்.

"அங்க எனக்கு யாரு இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மாள்.

பழனிவேல் அவர்கள் மூடியைக் கழற்றினார். வடிகட்டி முழுவதும் பிசுக்கும் கரியும். காற்றுப் போக வழியின்றி உள்ளே குழாய்மேல் பனி உறைந்து கிடந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் தலைக்கு ஊற்றியபின் சைதுன் பீவி தினமும் அந்த அறையிலேயே சாம்பிராணி போட்டிருக்கிறார். புகை முழுவதும் வடிகட்டியில்தான்.

மூன்று வாரத்துக்கு முன் இதே இயந்திரத்தைப் பார்க்க வந்த பழனிவேல் அவர்கள், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் மூடியைக்கூடத் திறக்காமல், கழுவியாயிற்று என்று சர்வீஸ் கார்டில் கையெழுத்திட்டிருந்தார். அந்த மாதம்தான் போர்மேன் பதவிக்கு அவர் பெயர் முதலில் இருந்தது.

"சாம்பிராணிதான்னு சொல்லிட்டு கெளம்பு மச்சான். அது பொய்யும் இல்ல" என்று காதோரம் சொன்னார் உடன் வந்தவர்.

பழனிவேல் அவர்கள் வடிகட்டியைக் கையில் ஏந்தி அப்துல் ஹக் முன்னே போய் நின்றார்.

"அந்தம்மா மேல தப்பு இல்லீங்க. இத நான் கழுவுல. கழுவுனேன்னு கையெழுத்து போட்டுட்டேன். சாம்பிராணி போடுற ரூமுன்னா ஜாஸ்தி கழுவணும்னும் சொல்லாம போயிட்டேன்."

பனி உருக ஒரு மணி நேரம் ஆயிற்று. சைதுன் பீவி தண்ணீர் ஊற்ற, பழனிவேல் அவர்களே வடிகட்டியைத் தேய்த்துக் கழுவினார். மாலைக்குள் அறை குளிர்ந்தது. மூட்டை உள்ளே போயிற்று. மறுநாளே நிர்வாகத்துக்குப் புகார்க் கடிதமும் வந்தது.

போர்மேன் பதவி வேறொருவருக்குப் போனது. காதோரம் சொன்ன யோசனையைப் பழனிவேல் அவர்கள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த யோசனையைச் சொன்னவரும் பதவி பெற்றவரும் ஒருவரே என்பதை இந்த அவை இன்றாவது அறியட்டும். பதவி பெற்ற அவரே எழுதிய மடல் இது.

ஓய்விலும் நோயின்றி, உற்றார் சூழ, எங்கள் அண்ணன் நெடுநாள் வாழ்க!

இங்ஙனம்,
பணிமனைத் தோழர்கள் சார்பில்,
தங்கராசு, போர்மேன்.
கடலூர், 31-5-1968