டாயிலின் காது

டாயில் எண்ணெய்த் தொட்டியின் உச்சியில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவசரமாக வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேற்கு டெக்சாஸில் ஒருவர் கை தூக்கினால், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலையாவது தூக்கிக் காட்டுவதுதான் மரியாதை. காட்டினேன். சொல்லிக்கொள்ளாமல் போனாள் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது பாருங்கள்.

டாயில் நல்ல மனிதர், ஷெரீப் ஐயா. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன். தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதை விட்டால் வேறு எதையும் பார்க்கத் தெரியாது. எங்கள் தேனிலவில் தொட்டி பார்த்தோம். என் அம்மாவை அடக்கம் செய்யப் போன அன்றும் பார்த்தோம். "போற வழிதானே கண்ணு, ஒரு எட்டுப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்பார். எல்லா வழியும் அவருக்குப் போகிற வழிதான்.

இந்த அக்டோபரில் தனியாக ஒரு பயணம் போகிறேன் என்றேன். எண்ணெய் மாவட்டங்களைத் தாண்டி, மலை தெரிகிறவரை. நானும் ரேடியோவும் மட்டும்.

"தனியாவா? நீயா? டயர் பஞ்சரானா என்னடி பண்ணுவே, பாட்டுப் பாடுவியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பெரிய மனது பண்ணி அனுமதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. முதல் தொட்டிவரை தன் வண்டியில் பின்னாலேயே வருவார். அங்கே நான் இறங்கி, ஏணியடியில் நிற்கவேண்டும்.

காரணம் உண்டு. இயந்திரச் சத்தத்திலேயே வாழ்ந்து அவர் காது போய்விட்டது. காலரில் விஷவாயு அலாரம் மாட்டியிருப்பார். அது கத்தினால் ஊருக்கே கேட்கும், அவருக்குக் கேட்காது. வெயிலில் அதன் சிவப்பு விளக்கும் தெரியாது. காது மெஷின் வாங்கலாமே என்றால், "அதெல்லாம் கிழவனுங்களுக்கு. எனக்கு நீ இருக்கியே" என்பார். என்ன ஒரு காதல்.

ஏறினார். எண்ணெய் அளவு பார்க்க மூடியைத் திறந்தார். அழுகிய முட்டை நாற்றம். நான் காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டேன், அவர் சொல்லிக்கொடுத்ததுதான். சற்று நேரத்தில் மேலிருந்து, "நாத்தம் போயிடுச்சு லீட்டா. காத்து அள்ளிட்டுப் போயிடுச்சு" என்றார். வாயு கூடினால் முதலில் சாவது மூக்குதான் என்று பாதுகாப்பு வகுப்பில் வருடாவருடம் சொல்கிறார்கள். டாயில் அப்போது கடைசி வரிசையில் டோனட் தின்றுகொண்டிருப்பார்.

அப்புறம் என் பயணம். அருமையான சாலை. இருபுறமும் எண்ணெய்க் கிணற்றுப் பம்புகள் குனிந்து நிமிர்ந்து தலையாட்டின. நான் பாடினேன், ஆட்டின. டாயிலைத் திட்டினேன், அதற்கும் ஆட்டின. என் வாழ்நாளில் யாரும் என்னோடு இவ்வளவு ஒத்துப்போனதில்லை.

மூன்றாவது மாவட்டத்தில், ஒரு சாப்பாட்டுக் கடையில், பீக்கன் பருப்பு இனிப்பைப் பாதி தின்றிருந்தபோது, என்னைத் தேடிக்கொண்டு நீங்கள் போலீஸ் தொப்பியைக் கழற்றியபடி வந்தீர்கள்.

"மனசைத் திடப்படுத்திக்குங்கம்மா. டாயில் தொட்டி மேலயே போயிட்டாரு. அலாரம் கத்திக்கிட்டேதான் இருந்திருக்கு, பாவம், காது கேக்கலை. விபத்துன்னு எழுதிட்டேன். கீழ ஒரு ஆள் நின்னிருந்தா பிழைச்சிருப்பாரு."

அதோடு விட்டிருக்கலாம். "இந்த நிலைமையில தனியா ஓட்டக்கூடாதும்மா, சாவியைக் குடுங்க" என்று என் இருக்கையில் ஏறி உட்கார்ந்தீர்கள். வண்டியைத் திருப்பினீர்கள். துக்க வீட்டுக்கு ஆகாது என்று ரேடியோவையும் அணைத்தீர்கள். மலை தெரிய இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது, ஷெரீப்.

சரி, ரேடியோ இல்லையென்றால் பேசிக்கொண்டு போவோம். உங்கள் அறிக்கையில் ஒரு சின்னத் திருத்தம். கீழே ஆள் நின்றிருந்தது. நாற்றம் போய்விட்டது என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அலாரம் கத்த ஆரம்பித்தது. ஏணியடிவரை தெளிவாகக் கேட்டது. அவருக்கும் ஏதோ தோன்றியிருக்கவேண்டும், குனிந்து என்னைப் பார்த்தார்.

"லீட்டா, இது கத்துதா?"

"இல்லையே. நிதானமாப் பாருங்க" என்றேன்.

ஒரு தடவைகூட நான் அவரை அவசரப்படுத்தியதில்லை.