இணைப்பில் கோளாறு இல்லை

உங்கள் பிரிண்டரில் ஒன்றும் பழுதில்லை, ஐயா. பின்னால் கேபிள் பாதிதான் செருகியிருக்கிறது. கொஞ்சம் அழுத்திவிட்டால் அச்சடிக்கும். எங்கே எது நின்றாலும் மனிதர்கள் முதலில் இயந்திரத்தைத் திட்டுவார்கள், அப்புறம் கம்பியைத் திட்டுவார்கள். கை வைத்தவரை யாரும் கேட்பதில்லை.

நான் வந்திருப்பதும் அது சம்பந்தமாகத்தான். அட்டைப்பெட்டி ஆலையில் என் கணவர் ஜெனரேட்டரில் சிக்கியதற்கு, 'தொடர்பு இணைப்பில் ஏற்பட்ட கோளாறே காரணம்' என்று போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இணைப்பைக் கொடுத்தவள் நான். ஏழு வருடத்தில் நூற்றுப் பதினாறு ஜெனரேட்டர்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில்கூடக் கோளாறு என்று பேச்சு வந்ததில்லை. இதிலும் இல்லை. எழுதியதை மாற்றுங்கள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஜெனரேட்டரிலும் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. எண்ணெய் அழுத்தம், சூடு, டீசல் அளவு எல்லாம் அதற்குத் தெரியும். ஓட்டுவதும் நிறுத்துவதும் அதுதான். அதிலிருந்து இரண்டு கம்பி இழுத்து, மோடத்தில் கொடுத்து, ஒரு முகவரி எண் போட்டு, எங்கள் அலுவலகத் திரையோடு பேசவைக்க வேண்டும். எண் ஒன்று பிசகினாலும் பதில் வராது. ஜெனரேட்டர் பக்கத்தில் ஒருவர், திரைக்கு முன்னால் ஒருவர் என்று இரண்டு பேர் தேவை. அங்கே நின்றவர் என் கணவர், மெக்கானிக். திரைக்கு முன்னால் நான். வீட்டில் நாங்கள் பேசியதைவிடப் போனில் பேசியதுதான் அதிகம்.

நல்லவர்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, கை நீட்டியதில்லை. எங்கள் ஆறு வயதுப் பெண்ணுக்குத் தினமும் தலை வாரிவிட்டது அவர்தான்.

ஆனால் என் வேலையை வேலை என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு ஐஸ் தொழிற்சாலையில் காலையிலிருந்து பதிலே வரவில்லை. மதியம் நான் போனில், "வெள்ளையும் நீலமும் மாத்திக் குடுத்திருக்கீங்க, கழட்டி மாட்டுங்க" என்றேன். மாட்டியதும் வந்துவிட்டது. போனை வைக்காமலே பக்கத்திலிருந்த மேலாளரிடம் சொன்னார்: "அவளுக்கு என்ன சார் தெரியும், நான்தான் ஒயரப் பாத்துக் கண்டுபிடிச்சேன்."

அவருடைய அக்கா வீடு மாறிய அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். "உன் பொண்டாட்டிக்கு அப்படி என்னதான்டா வேலை?" என்று அக்கா கேட்டார்.

"ஏசி ரூம்ல உக்காந்து பொத்தான் அமுக்குவா."

"அப்படின்னா எனக்கும் ஒரு சம்பளம் வாங்கிக் குடுடா தம்பி. இந்த வீட்ல எல்லா லைட்டும் நான்தான் போடுறேன்."

வீடே சிரித்தது. என் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு இரண்டும் அளவாகத்தான் இருந்தன.

ஜெனரேட்டரில் கை விடும் முன் மெக்கானிக் பேனலில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும், பாட்டரி கம்பியைக் கழற்ற வேண்டும். என் கணவர் தவறாமல் செய்பவர். சிவப்புப் பொத்தான் அமுங்கினால் என் திரையில் அபாய மணி அடிக்கும், ஆலைக்காரர்களுக்குச் செய்தி பறக்கும். பாட்டரியைக் கழற்றினால் கன்ட்ரோலர் செத்துவிடும், மறுபடி இணைப்பு வர நேரமாகும். இது உண்மையான தொந்தரவு, நான் இட்டுக்கட்டியதில்லை.

"நீங்க ரெண்டையும் தொடாதீங்க. நான் இங்கேருந்தே பூட்டிடறேன். பூட்டிட்டா யார் வந்தாலும் ஸ்டார்ட் ஆகாது" என்றேன்.

முதலில் தயங்கினார். போகப்போகப் பழகிவிட்டது. வேலை தொடங்குமுன் போன் செய்து, "பூட்டிட்டியா?" என்பார். "பூட்டிட்டேன்" என்பேன். ஐந்து மாதம் இப்படிப் போனது. நாற்பத்தொரு முறை உண்மையாகவே பூட்டினேன். அவர் என் வேலையை நம்பியது அந்த நாற்பத்தொரு முறைதான். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க விரும்பவில்லை.

அட்டைப்பெட்டி ஆலையில் இரண்டாவது ஜெனரேட்டரின் ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை இருக்கும். பெல்ட்டின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போன் செய்தார். "இருப்பா, வீட்டுக்காரிய ஒரு பொத்தான் அமுக்கச் சொல்றேன்" என்று பக்கத்திலிருந்த ஆலை ஆளிடம் சொல்வது கேட்டது. அந்த ஆள் சிரித்தான். பிறகு என்னிடம், "பூட்டிட்டியா?" என்றார்.

"பூட்டிட்டேன்."

"கை விடுறேன். ஓடாதுல்ல?"

"ஓடாது."

போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பூட்டவில்லை. கட்டளை வந்தால் தானாக ஓடும் ஆட்டோ நிலையில்தான் கன்ட்ரோலர் இருந்தது. ஸ்டார்ட் கட்டளையை அனுப்பினேன். கட்டளை போவதற்கும் இன்ஜின் சுழல்வதற்கும் நடுவே ஐந்து நொடி விட்டிருந்தேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் வைப்பேன். அதற்குள் 'நிறுத்து' என்று அனுப்பினால் நின்றுவிடும். சுட்டி அந்தப் பொத்தான் மேல்தான் இருந்தது. திரையில் ஐந்து, நான்கு என்று எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்குள்ளிருந்து அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பிறகு இன்ஜின் சத்தம்தான். வேகம் ஆயிரத்து ஐநூறு, எண்ணெய் அழுத்தம் சரி. ஆலை ஆள் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கும் வரை எல்லா எண்ணும் திரையில் வந்துகொண்டிருந்தது. இணைப்பு ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

கேபிளில் மின் இரைச்சல் புகுந்து தானாகக் கட்டளை உருவாகியிருக்கலாம் என்கிறார் உங்கள் நிபுணர். நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் போகும். அது ஒத்துவராவிட்டால் கன்ட்ரோலர் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும். காற்றில் பறக்கும் கிழிசல் காகிதங்கள் ஒன்றுசேர்ந்து கல்யாணப் பத்திரிகை ஆகுமா? அலுவலகக் கணினியின் பதிவில் அந்தக் கட்டளை இருக்கிறது. அனுப்பியவர் என்ற இடத்தில் நான் இருக்கிறேன். அழுகிற மனைவியைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

வருத்தமில்லையா என்கிறீர்கள். கைதான் போகும் என்று நினைத்தேன். போயிருந்தால் அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் வேலையைக் கற்றுக்கொண்டிருப்பார். நானே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருப்பேன். தோளோடு இழுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவில்லை. அதற்காகத் தலை குனியச் சொன்னால் குனிய மாட்டேன்.

இரண்டு நாள் உயிரோடு இருந்தார். உங்கள் ஆள் ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் வாங்க வந்தபோது நான் கட்டிலருகேதான் நின்றிருந்தேன். "அவ பூட்டிட்டா சார். நான் போன்ல கேட்டுக்கிட்டுதான் கை விட்டேன். லைன்தான் தானா எடுத்துக்கிச்சு" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மிச்சமிருந்த கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே என் காதில் சொன்னார்: "எனக்குத் தெரியும். நீ பேசாத. புள்ளைக்கு நீயாவது வேணும்."

பாருங்கள் ஐயா, சாகிற நேரத்தில்கூட என் வேலையைப் பற்றி என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை அந்த மனிதர்.